ஆப்பிரிக்கப் புலம்பெயர்வைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்களுக்கு

ஒரு பல்கலைக்கழகத்தில் ‘கறுப்பின ஆய்வுகள்’, இன்னொன்றில் ‘ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள்’ என்று இந்தப் படிப்புக்குப் பல பெயர்கள். பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். சிலபஸை இறக்கி, அமெரிக்காவுக்கு வெளியே போகும் தாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் இந்தத் துறை 1968-69இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தின் விளைவாக வேரூன்றியது. அதனால் அந்நாட்டு வரலாறே பல இடங்களில் பாடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனால் அட்லாண்டிக் வழியே அடிமைகளாகக் கடத்தப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கரில் வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேராக வந்து இறங்கியவர்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 48 லட்சம். பிரேசிலுக்கு ஒரு தாள்கூட இல்லாத படிப்பு அரைகுறைதான்.

மொழியை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள். பிரேசிலுக்குப் போர்த்துகீசு, கியூபாவுக்கு ஸ்பானிஷ், ஹைத்திக்குப் பிரெஞ்சும் கிரியோலும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் அச்சுப் புத்தகம் வாசிக்கலாம். 19ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து ஓடாது.

ஆய்வேட்டுக்குப் பெரும்பாலோர் போகும் இடம் ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ இணையத் தரவுத்தளம். 36,000க்கு மேற்பட்ட அட்லாண்டிக் அடிமைக் கப்பல் பயணங்கள் அதில் இருக்கின்றன. தலைப்பைக் குறுக்குங்கள்: ‘பிரேசிலின் பாஹியா, 1815 முதல் 1835 வரை’ போதும். அந்தத் துறைமுகத்தையும் ஆண்டுகளையும் வடிகட்டி, அட்டவணையை இறக்கிக்கொள்ளுங்கள். வழுக்குமிடம் இதுதான்: பயணப் பட்டியல் வேறு, மதிப்பீட்டுப் பக்கம் வேறு. 1.25 கோடி என்பது ஆவணம் கிடைக்காத பயணங்களையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. பட்டியலைக் கூட்டினால் அது வராது. ஆவணத்தில் உள்ள எண், தொகுத்தவர்கள் கணக்கிட்டு நிரப்பிய எண் இரண்டும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் இருக்கும். எதை எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதாவிட்டால் தேர்வாளர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

எண் சரியாக இருந்தாலும் ஆவணமே பொய் சொல்லும். பிரிட்டனோடு போர்த்துகல் செய்த 1815 ஒப்பந்தப்படி போர்த்துகீசியக் கப்பல்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அடிமை வாங்கக் கூடாது. பாஹியாக் கப்பல்கள் கோட்டுக்குத் தெற்கே ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொலெம்போவுக்குப் போவதாகக் காகிதத்தில் எழுதிவிட்டு, வடக்கே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் வளைகுடாவுக்குப் போயின. அங்கிருந்து அடிமைகளாக வந்த யொரூபா மக்கள் முன்னணியில் நின்றதுதான், பாஹியாவின் தலைநகர் சால்வடோரில் 1835இல் நடந்த அடிமை எழுச்சி. கப்பலின் காகிதத்தை மட்டும் நம்பினால் அந்த எழுச்சிக்கு வேரே தெரியாது. எழுச்சியில் பிடிபட்டவர்களின் விசாரணைப் பதிவுகளையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் பக்கத்துத் தலைப்பு வேண்டுமென்றால் ஆப்பிரிக்க வம்சாவளியினரான குஜராத், கர்நாடகச் சித்திகளும் இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிரம்பியடி மக்களும் இருக்கிறார்கள். தோட்டத்து அடிமை என்ற அட்லாண்டிக் சட்டகத்தை மட்டும் இங்கே தூக்கி வராதீர்கள். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர்தான் தக்காணத்து அகமதுநகர் அரசையே நடத்தினார். அந்தச் சட்டகத்தில் அவருக்கு இடமில்லை.