வீட்டுக்கும் சின்ன மேடைக்கும் கிட்டார் ஆம்ப்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது வாட்ஸைத்தான். "அம்பது போதுமா, நூறா எடுத்துக்கலாமா?" தவறான தேர்வு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 50 வாட்ஸ் 100 ஆனால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபெல்தான் கூடும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும்.

அதே 3 டெசிபெல்லை ஸ்பீக்கரிலிருந்தும் பெறலாம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளக்கும் சத்தத்தின் டெசிபெல் எண்ணுக்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். 97 உள்ள ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 உள்ளதைப் பொருத்துவது ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆகவே 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள 20 வாட்ஸையும் 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள 20 வாட்ஸையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அந்த 97 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 1 வாட் போனாலே எதிரில் நிற்பவர் காதில் 97 டெசிபெல் விழும். இருவர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போனாலும் 77 வரும். ஃபிளாட்டில் இரவு ஒன்பது மணிக்கு அதுவே அதிகம். "5 வாட்ஸ் ட்யூப் ஆம்ப்தானே, சின்னதுதானே" என்று (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள ஆம்ப் இது) வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதை முழுதாகத் திறந்தால் 104 டெசிபெல். ட்யூப் ஆம்பில் எல்லோரும் விரும்பும் அந்த நிறைவான டிஸ்டார்ஷனோ (கரகரத்து உடையும் ஒலி) பவர் ட்யூப்கள் திணறும் அளவுக்குத் திறந்தால்தான் கிடைக்கும். வீட்டில் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. வால்யூம் குமிழ் 1 என்ற எண்ணைத் தொடும்வரை சத்தமில்லை, ஒரு மயிரிழை கூடினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதே 5 வாட்ஸை டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் கிளீன் டோன் (கரகரப்பில்லாத தெளிவான ஒலி) தாங்காமல் உடையும். டிரம்ஸோடு வாசிக்க 15 வாட்ஸ் ட்யூப் அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள 40–50 வாட்ஸ் டிரான்சிஸ்டர் ஆம்ப் பொதுவாகப் போதும்.

இரண்டு இடத்துக்கும் ஒரே ஆம்ப் வேண்டுமென்றால் பவரைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு குறைக்கிறது என்பதையும் கேளுங்கள். 'ஹாஃப் பவர்' என்றால் இறங்குவது 3 டெசிபெல்தான், வீட்டில் அதனால் பலனில்லை. பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 மாடலில் 50, 25, 0.5 என்று மூன்று நிலைகள் உண்டு. 50-லிருந்து 0.5-க்கு மாற்றினால் 20 டெசிபெல் இறங்கும். வீட்டுக்குத் தேவை அப்படிப்பட்ட இறக்கம்.

கடையில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்து இரண்டு நிமிடம் சோலோ வாசித்துப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. உங்கள் சொந்த கிட்டாரைக் கொண்டுபோங்கள். பேஸ் (தாழ்ந்த ஒலி), மிடில் (நடு ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) ஆகிய மூன்று குமிழ்களையும் நடுவில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற சத்தத்தில் பத்து நிமிடம் வாசியுங்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு 'உஸ்' என்ற இரைச்சலைக் கவனியுங்கள். கிட்டாரிலுள்ள வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் டோன் தெளிகிறதா, மந்தமாகிறதா? அதன்பிறகு மேடைச் சத்தத்துக்கு ஏற்றிப் பாருங்கள்.

இரண்டு சத்தத்திலும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸைச் சரியாகப் பிடிப்பதில்லை; ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். வீட்டில் இனிமையாக இருக்கட்டும் என்று பேஸை ஏற்றி மிடிலைக் குறைத்த செட்டிங்கை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனால் 'தம்தம்' என்ற அதிர்வுதான் மிஞ்சும், கிட்டார் காணாமல் போகும். மேடையில் பேஸைக் குறையுங்கள், மிடிலை ஏற்றுங்கள். ஆம்பைத் தரையில் வைத்தால் ட்ரெபிள் உங்கள் காலைத்தான் தாக்கும். கேட்கவில்லையே என்று நீங்கள் ட்ரெபிளைக் கூட்டுவீர்கள், முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும். ஒரு நாற்காலியில் ஏற்றி வையுங்கள், அல்லது பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) உள்ள அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எலெக்ட்ரிக் ஆம்ப் பொருந்தாது. எலெக்ட்ரிக் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும், கம்பியின் மினுமினுப்பு அதற்கு மேலேதான் இருக்கிறது. ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உள்ள அக்கூஸ்டிக் ஆம்ப் வாங்குங்கள். பேஸ் கிட்டாரை எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் செருகவே வேண்டாம், அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். ஓங்கி வாசித்தால் ஸ்பீக்கர் கோன் கிழியலாம். ப்ளூடூத் வசதி பின்னணி டிராக் ஓட்டுவதற்கு மட்டும்தான். ப்ளூடூத் ஹெட்போனில் உங்கள் வாசிப்பைக் கேட்டால் அடித்த நோட்டு தாமதமாக வரும், ஒயர் உள்ள ஹெட்போனே சரி.

சத்தமெல்லாம் இருக்கட்டும், உயிர் சம்பந்தப்பட்டது எர்த். ஆம்ப் இரைகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவதும், எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பி, கேபிள் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. உள்ளே ஏதாவது பழுதாகி அந்தச் சட்டத்தில் கரண்ட் பாய்ந்தால், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் இருக்கும் நேரத்தில் அது உங்கள் உடல் வழியாகப் போகும். மேடையில் ஆம்பையும் மிக்சரையும் எர்த் சரியாக உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் கரண்ட் போன நேரத்தில் மட்டும் வருகிறதென்றால் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம், சைன் வேவ் இன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்பில் பின்பக்க லேபிளைப் படிக்காமல் செருகாதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்பின் ஒலி வாட்ஸைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதே லேபிளில் உள்ள மின் நுகர்வு எண்ணைப் பார்த்து, அதைவிடத் தாராளமாக வாங்குங்கள். ட்யூப் ஆம்பில் ஹெட்போன் ஜாக் இல்லையென்பதற்காக ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாசிக்கவும் கூடாது. சுமையில்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். அந்த ஆம்பில் அதிகச் செலவு வைக்கும் பாகங்களில் ஒன்று அது.