சுவரோவியத்த போட்டோ எடுக்குறப்போ நாம பண்ற தப்புங்க

என் ஃபோன்ல சுவரோவியத்துக்குன்னே தனியா ஒரு ஃபோல்டர் இருக்கு, நானூறு போட்டோவுக்கு மேல இருக்கும். ஒருநாள் சும்மா உக்காந்து ஆரம்பத்துல எடுத்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு வந்தப்போ தான் உறைச்சுது, பாதிக்கு மேல எங்க எடுத்தேன்னு தெரியல, யார் வரஞ்சதுன்னு தெரியல, அதவிட மோசம், எது பெரிய சுவர் எது சின்ன சுவர்னு கூட தெரியல. ஏழு மாடி உசரத்துக்கு வரஞ்சதும் ஒரு கதவு சைஸ்ல வரஞ்சதும் பக்கத்துல பக்கத்துல ஒரே அளவுல கெடக்கு. ஏன்னா எல்லாத்தையும் ஒரே மாதிரி தான் எடுத்து வச்சிருக்கேன், நேரா போய் நின்னு ஓவியத்தோட நாலு ஓரத்துக்கும் கரெக்டா வெட்டி, ஐடி கார்ட ஸ்கேன் பண்ற மாதிரி.

அது தான் முதல் தப்பு, என்னைக் கேட்டா மத்த தப்புல பாதி இங்க இருந்து தான் கிளம்புது. மியூசியத்துல மாட்டின படத்துக்கு சட்டம் இருக்கு, அந்த சட்டத்தோட படம் முடிஞ்சுது. சுவர்ல வரஞ்சதுக்கு அப்படி எதுவும் கிடையாது. பக்கத்து ஜன்னல், தண்ணி பைப், மீட்டர் பெட்டி, காரை பேந்த இடம், எல்லாத்தையும் பாத்துட்டு தான் எத எங்க வைக்கிறதுன்னு ஆர்ட்டிஸ்ட் முடிவு பண்ணியிருப்பாங்க. பினாங்கு ஜார்ஜ் டவுன்ல, அர்மீனியன் ஸ்ட்ரீட்ல, எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-ல பண்ண சைக்கிள் பசங்கள நிறைய பேர் பாத்திருப்பீங்க. ரெண்டு பிள்ளைங்க சைக்கிள்ல போகுதுங்க, பிள்ளைங்க பெயின்ட்டு, சைக்கிள் மட்டும் நெச சைக்கிள், சுவரோட சேத்து பொருத்தினது. அத நேரா நின்னு எடுத்தா சைக்கிளும் பெயின்ட்டு மாதிரியே தட்டையா விழும். ரெண்டு எட்டு சைடுல நகந்து எடுத்துப் பாருங்க, ஹேண்டில்பார் சுவர விட்டு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், அதோட நிழல் சுவர் மேல விழும், போட்டோவ பாக்குறவங்களுக்கு அப்போ தான் "அட, நெச சைக்கிளா"ன்னு தோணும்.

அதனால ஒரு சுவருக்கு ஒரு போட்டோன்னு நிறுத்தாதீங்க. தூரத்துல இருந்து தெருவோட சேத்து ஒன்னு, அதுல யாராவது நடந்து போனா இன்னும் நல்லது, அளவு தெரிஞ்சிடும். நம்மள்ல பாதிப் பேர் ஆள் நகரட்டும்னு பத்து நிமிஷம் காத்திருக்கோம், நான் இப்போல்லாம் ஆள் வரட்டும்னு காத்திருக்கேன்.

அடுத்தது தூரம். சுவருக்கு அஞ்சடியில நின்னுகிட்டு அல்ட்ரா வைட் போட்டு, ஃபோன அண்ணாந்து பிடிச்சு ஒரே அமுக்கு. விளைவு என்ன, கட்டடம் மேல போகப் போக ஒடுங்கி பின்னாடி சாயுற மாதிரி தெரியும், ஓவியத்துல இருக்குற முகத்துக்கு தாடை பெருசாவும் நெத்தி சின்னதாவும் ஆயிடும். லென்ஸ் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல, ஃபோன சாய்ச்சது தான் காரணம். ஃபோன சுவருக்கு இணையா செங்குத்தா பிடிச்சா கோடெல்லாம் நேரா நிக்கும், ஆனா அப்படி பிடிச்சா சுவரோட மேல் பாதி ஃபிரேமுக்குள்ள வராது, அதுக்குத் தான் பின்னாடி போகணும். எவ்ளோ பின்னாடின்னா, பெரும்பாலான ஃபோன்ல சாதா 1எக்ஸ் கேமரா 24, 26 எம்எம் லென்ஸுக்கு சமம், அதுல நாலு மாடி, அதாவது சுமாரா 12 மீட்டர் உசர சுவர சாய்க்காம எடுக்கணும்னா 15, 16 மீட்டர் தள்ளி நின்னா போதும். சுவரோட உசரத்த விட கொஞ்சம் கூட, அவ்ளோ தான் கணக்கு. கீழ் பாதி ஃபிரேம் முழுக்க ரோடு தான் இருக்கும், அத அப்புறம் வெட்டிக்கலாம். எதிர்த்தாப்புல மாடிப்படியோ மேம்பாலமோ இருந்து ரெண்டாவது மாடி உசரத்துல நின்னு எடுக்க முடிஞ்சா அதுக்கு மேல வேற ஒன்னும் வேணாம்.

சந்து குறுகலா இருக்கு, பின்னாடி போக இடமே இல்லன்னா? எடிட்டிங்ல பர்ஸ்பெக்டிவ், அதாவது அந்த சாய்வ சரி பண்ற வசதி இப்போ நிறைய ஆப்ல இருக்கு, ஆனா அது நிமித்துறப்போ ஓரத்த தின்னுடும், அதனால எடுக்குறப்பவே நாலு பக்கமும் கொஞ்சம் தாராளமா விட்டு எடுங்க. இல்ல, சாய்ஞ்சே இருக்கட்டும்னு விட்டுடுங்க, குறுகலான சந்துல அண்ணாந்து பாத்தா நம்ம கண்ணுக்கும் அப்படித்தானே தெரியுது. அரைகுறையா சாய்ஞ்சிருக்கறது தான் அசிங்கம். நேரா எடுத்தா நேரா எடுங்க, சாய்ச்சா நல்லா சாய்ச்சிடுங்க. அப்புறம் ஃபிரேம் பாத்துகிட்டே பின்னாடி நடந்து ரோட்டுல இறங்குறது, இத நான் ஒரு தடவ பண்ணேன், பின்னாடி வந்த பைக்காரர் விட்ட வசவு இன்னும் காதுல இருக்கு. முதல்ல நடந்து போய் இடத்த பாத்து நின்னுட்டு அப்புறமா ஃபோன எடுங்க.

வெளிச்சத்த பத்தி எல்லாரும் ஒரே பாட்ட தான் பாடுவாங்க, சாயங்காலம் எடு, பொன் வெயில்ல எடுன்னு. மனுஷங்கள எடுக்க அது சரி. ஓவியத்துக்கு பொன் வெயில் எமன், வெள்ளைய மஞ்சளாக்கிடும், நீலத்த மந்தமாக்கிடும், ஆர்ட்டிஸ்ட் கலந்த கலர் ஒன்னு உங்க போட்டோல இருக்கறது ஒன்னு. மேகம் மூடின நாள் தான் சுவருக்கு ராஜ யோகம், நிழல் கிடையாது, கலர் உள்ளபடி வரும். வெயில் நாள்னா சுவர் முழுசா நிழலுக்குள்ள இருக்குற நேரம் பாத்து போங்க. பாதி வெயில் பாதி நிழல், அதுவும் மரக்கிளை நிழல் ஓவியத்துக்கு குறுக்க விழுறது, இது எந்த எடிட்டிங்லயும் சரியாகாது. கிழக்கு பாத்த சுவர்ல காலைல வெயில் அடிக்கும், மேற்கு பாத்ததுல சாயங்காலம், இவ்ளோ யோசிச்சாலே போதும், அலைச்சல் பாதி குறையும்.

ஆனா இதுக்கு நேர் எதிரா ஒரு ரகம் இருக்கு. வில்ஸ்ங்கிற பேர்ல வேலை செய்ற போர்ச்சுகல் ஆர்ட்டிஸ்ட் சுவர்ல பெயின்ட் அடிக்கறத விட சுவர செதுக்கறது தான் அதிகம், ட்ரில்லு சுத்தியல் வச்சு காரைய பேத்துப் பேத்தே மனுஷ முகம் கொண்டு வந்துடுவாரு. அந்த மாதிரி சுவர மேகமூட்டத்துல எடுத்தா சப்புன்னு இருக்கும், பக்கவாட்டுல வெயில் உரசிட்டு போகணும், அப்போ தான் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். முதல்ல அது என்ன வேலைன்னு பாத்துட்டு அப்புறம் நேரத்த முடிவு பண்ணணும்.

கலர தூக்குறது பத்தி ஒரே ஒரு வரி, சாச்சுரேஷன ஏத்துனா பக்கத்துல இருக்குற சிமென்ட் தரையும் நீலமாவோ ஆரஞ்சாவோ மாறும், சிமென்ட் சிமென்ட் கலர்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா குறைங்க.

சரி, போட்டோ விஷயத்த விட்டு பாக்குற விஷயத்துக்கு வருவோம், ஏன்னா பெரிய தப்பெல்லாம் இங்க தான் நடக்குது. கலர் கலரா முகம் வரஞ்சிருந்தா கலை, பக்கத்துல புரியாத எழுத்து இருந்தா கிறுக்கல்னு பிரிச்சு வச்சிடுறோம். வேகமா ஒரே கோட்டுல போட்டுட்டு போற பேருக்கு டேக்னு பேரு, ரெண்டு கலர்ல உப்பலா எழுதுறது த்ரோ அப், நேரம் எடுத்து நிழல், பின்னணி எல்லாம் குடுத்து பண்றது பீஸ், இத பண்றவங்க தங்கள ரைட்டர்னு தான் சொல்லிப்பாங்க, பெயின்ட்டர்னு சொல்லிக்க மாட்டாங்க. நியூயார்க்ல ஊர் பூரா தன் புனைபேரையும் தெரு நம்பரையும் எழுதிட்டு திரிஞ்ச டாக்கி 183 பத்தி நியூயார்க் டைம்ஸ் செய்தியே போட்டுச்சு, 1971-ல. இன்னிக்கு நாம ஓடி ஓடி போட்டோ எடுக்குற பெரிய பெரிய சுவருக்கெல்லாம் அந்த பேர் கிறுக்கல் பெரியப்பா முறை. பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல, எனக்கே டேக் பாதி பிடிக்காது, ஆனா ஒரு சுவர்ல எது மேல எது வந்திருக்கு, யாரு யாரோடத மூடியிருக்காங்க, யாரு ஒதுங்கி இடம் விட்டிருக்காங்கன்னு பாத்தா அது ஒரு தனி சண்டை, தனி மரியாதை. அத வெட்டிட்டு எடுக்காதீங்க.

பாதி முடிஞ்ச சுவரையும் தாண்டிப் போயிடாதீங்க. ஒரு தடவ ஒரு அஞ்சு மாடி சுவர் முழுக்க சம்பந்தா சம்பந்தமில்லாம சுழி, நட்சத்திரம், கண்ணு, எண்ணு, தாறுமாறா எழுதி வச்சிருந்தாங்க, யாரோ பசங்க பாழாக்கிட்டாங்கன்னு நெனச்சு நான் படமே எடுக்கல. அப்புறம் தான் தெரிஞ்சுது, அது தான் வேலையோட முதல் கட்டம். அந்த கிறுக்கலோட சுவர போட்டோ எடுத்து, ஃபோன்ல அதுக்கு மேல வரையப் போற படத்த லேசா தெரியுற மாதிரி வச்சுப் பாப்பாங்க, மூக்கு நுனி அந்த நட்சத்திரத்துக்கு கீழ வருது, காது அந்த எண்ணுக்கு பக்கத்துல வருதுன்னு. மேல ஏத்தி இறக்குற லிஃப்ட் மேடைல நின்னு வரையறவருக்கு ரெண்டடி தூரத்துல சுவர் தான் தெரியும், படம் தெரியாது, அந்த கிறுக்கல் தான் வழிகாட்டி. மூணு நாள் கழிச்சு போனா கிறுக்கல் எல்லாம் பெயின்ட்டுக்குள்ள போயிடுச்சு, ஒரு கன்னத்து ஓரத்துல மட்டும் பாதி நட்சத்திரம் மிச்சம் இருந்துச்சு. அத மட்டும் எடுத்தேன்.

நாளைக்கு எடுத்துக்கலாம்னு விடுறது தான் அடுத்தது. நியூயார்க் குயின்ஸ்ல ஃபைவ் பாயின்ட்ஸ்னு ஒரு பழைய ஃபேக்டரி கட்டடம், உலகம் பூரா இருந்து ஆர்ட்டிஸ்ட்டுங்க வந்து வரஞ்ச இடம், 2013 நவம்பர்ல ஒரே ராத்திரில ஓனர் வெள்ளையடிச்சுட்டாரு. வழக்கு போய் 2018-ல 21 ஆர்ட்டிஸ்ட்டுக்கு 67.5 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு, பணம் வந்துச்சு, ஓவியம் வரல. பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்க்ல ப்ளூங்கிற இத்தாலி ஆர்ட்டிஸ்ட்டோட ரெண்டு பெரிய ஓவியம், ஊருக்கே அடையாளமா இருந்தது, 2014 டிசம்பர்ல ப்ளூ சம்மதத்தோடயே கருப்படிச்சு மூடுனாங்க, அத காட்டி அந்த இடத்த அதிக விலைக்கு விக்கப் பாக்குறாங்கங்கற கோவம். அதே பெர்லின்ல ஈஸ்ட் சைட் கேலரி, 1990-ல பழைய பெர்லின் சுவர்ல 1.3 கிலோமீட்டருக்கு வரஞ்சது, 2009-ல நிறைய ஓவியத்த அழிச்சுட்டு அதே ஆர்ட்டிஸ்ட்டுங்கள கூப்ட்டு திரும்ப வரைய வச்சாங்க. ரெண்டு தலைவருங்க முத்தம் குடுத்துக்குற அந்த ஃபேமஸ் படம் இருக்கே, 2009-க்கு முன்னாடி எடுத்த போட்டோவும் இப்போ எடுக்குற போட்டோவும் ஒரே ஓவியம் இல்ல. அதனால தேதி ரொம்ப முக்கியம். மெசஞ்சர்ல அனுப்பி திரும்ப சேவ் பண்ணா தேதி எல்லாம் காணாம போயிடும், ஒரிஜினல பத்திரமா வச்சுக்கங்க, தெரு பேர எங்கயாவது எழுதி வைங்க.

பேர் போடாம ஷேர் பண்றது பத்தி கோவமா எழுதணும்னு தான் வந்தேன், சுருக்கமா முடிச்சுக்கறேன். கையெழுத்து பெரும்பாலும் கீழ் மூலைல தான் இருக்கும், வண்டி நிறுத்தி மறைஞ்சிருக்கும், குனிஞ்சு பாருங்க. ஓவியம் தெருவுல இருக்கறதால யாரும் என்ன வேணா பண்ணலாம்னு இல்ல. ஜெர்மனில பொது இடத்துல நிரந்தரமா இருக்குற ஓவியத்த போட்டோ எடுத்து விக்கவும் சட்டம் விடுது, பிரிட்டன்ல சிலை, கட்டடம் மாதிரி சிலதுக்கு தான் அந்த சலுகை, சுவரோவியத்துக்கு இல்ல. நாட்டுக்கு நாடு மாறும். சொந்தமா வச்சுக்க, நண்பர்களுக்கு காட்ட எடுக்குறவங்கள யாரும் தேடி வரப் போறதில்ல, ஆனா டீஷர்ட்ல போடுறேன், விளம்பரத்துக்கு பின்னணியா வைக்கிறேன்னு கிளம்புனா கேட்டுட்டு செய்ங்க. எச் அண்ட் எம்ங்கிற துணிக்கடை கம்பெனி 2018-ல ரெவோக்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட சுவர் முன்னாடி விளம்பரம் எடுத்துட்டு, அனுமதியில்லாம வரஞ்சதுக்கு காப்பிரைட்டே கிடையாதுன்னு கோர்ட்டுக்கு போச்சு, ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லாம் சேந்து கடைய புறக்கணிக்கணும்னு கிளம்பினதும் கேஸ வாபஸ் வாங்கிடுச்சு.

அனுமதியில்லாம வரையறவங்கள எதேச்சையா பாத்தா முகத்த எடுக்காதீங்க, கேட்டுட்டு கையயும் ஸ்ப்ரே கேனையும் எடுங்க, லொகேஷன் டேக் அன்னிக்கே போடாதீங்க. ஒட்டு காகிதத்துல பண்ண ஓவியத்தோட ஓரம் பிரிஞ்சு தொங்கினா உரிச்சுப் பாக்கணும்னு கை பரபரக்கும், எனக்கும் பரபரக்கும், வேணாம். வட அயர்லாந்துல இருக்குற பெல்ஃபாஸ்ட் மாதிரி ஊர்ல நிறைய ஓவியம் ஜனங்க குடியிருக்குற வீட்டோட பக்கச் சுவர்ல தான் இருக்கு, அதுவும் யாரோ செத்துப் போனவங்க நினைவா வரஞ்சது நிறைய. அங்க போய் ரெக்கைய விரிக்கிற மாதிரி போஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சுடுங்க.

இப்போ நான் ஒரு சுவர் முன்னாடி போனா முதல் ரெண்டு நிமிஷம் ஃபோன் பாக்கெட்ல தான் இருக்கும். அப்புறம் தூரத்துல இருந்து ஒன்னு, நேரா நிமிந்து ஒன்னு, பக்கவாட்டுல ஒன்னு, கிட்டப் போய் பெயின்ட் வழிஞ்ச இடம், ரோலர் தடம், செங்கல் தெரியுற இடம்னு நாலஞ்சு, கடைசில குனிஞ்சு கையெழுத்து. செல்ஃபியும் எடுப்பேன், ஏன் எடுக்கக் கூடாது, கையெழுத்து எடுத்ததுக்கு அப்புறம்.