பாலைவன மலைகளின் பால்செடி: ஹெர்பேரியப் பதிவுகளில் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவின் மொஹாவே, சொனோரா பாலைவன மலைத்தொடர்களில் தரையோடு தரையாகப் படரும் சிறு பால்செடிகள் பல உண்டு. எல்லாம் யூஃபோர்பியா பேரினம், அம்மான் பச்சரிசியின் நெருங்கிய சொந்தம். இவை எந்த மலையில் இருக்கின்றன என்று இணையத்தில் ஹெர்பேரியப் பதிவுகளை (ஹெர்பேரியம் என்பது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, லேபிளோடு சேமித்துவைக்கும் இடம்) தேடுபவர்கள், மேப்பில் தெரியும் புள்ளியைச் செடி நின்ற இடமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய தவறு இதுதான்.

ஜிபிஎஸ் வருவதற்கு முந்தைய லேபிள்கள் பல, "பிராவிடென்ஸ் மலைகள், சான் பெர்னார்டினோ கவுண்டி" என்ற அளவில் நின்றுவிடும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). அட்சரேகை, தீர்க்கரேகையெல்லாம் பின்னாளில் யாரோ கணித்துச் சேர்த்தவை. கவுண்டி பெயர் மட்டும் இருந்தால், அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கலாம். சான் பெர்னார்டினோ கவுண்டியின் பரப்போ 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்! பிழை வரம்பு எத்தனை மீட்டர் என்று பதிவில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தப் புள்ளியை நம்பி மலை ஏறாதீர்கள்.

பழைய லேபிள் என்றால் எல்லைகளும் வேறு. ரிவர்சைடு கவுண்டி 1893-இல்தான் உருவானது, இம்பீரியல் 1907-இல். 1890-இல் "சான் டியேகோ கவுண்டி" என்று எழுதிய செடி இன்றைய இம்பீரியலில் நின்றிருக்கலாம். "கொலராடோ பாலைவனம்" என்று பார்த்ததும் கொலராடோ மாநிலத்துக்குப் போய்விடுபவர்களும் உண்டு. அது இருப்பது கலிபோர்னியாவின் தென்கிழக்கில். உயரம் பெரும்பாலும் அடியில் இருக்கும், மீட்டர் என்று படித்துவிடாதீர்கள்.

அப்புறம் பெயர். இந்தப் படரும் வகைகளை நெடுங்காலம் கமேசைசி என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு யூஃபோர்பியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பல தாள்களில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. இரண்டையும் தேடாவிட்டால் பாதிப் பதிவுகள் கண்ணில் படாமல் போகலாம்.

பெயர் சரியாக இருந்தாலும் செடி அதுதானா? தாளின் படம் இருந்தால் பெரிதாக்கி, கணுவைப் பாருங்கள். யூஃபோர்பியா ஆல்போமார்ஜினேட்டாவில் இலையடிச் செதில்கள் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளைச் சவ்வாகத் தெரியும். யூஃபோர்பியா பாலிகார்பாவில் அவை தனித்தனி. பாலிகார்பா ஓரிடத்தில் மயிரோடும் இன்னோரிடத்தில் வழுவழுப்பாகவும் இருக்கும் என்பதால், மயிரை மட்டும் வைத்து முடிவு கட்டுவது வம்பு. விதையும் இல்லாத, காய்ந்து சுருங்கிய துண்டு என்றால் சந்தேகத்தில் விட்டுவிடுவதே நல்லது.

ஒரே பறிப்பிலிருந்து நாலைந்து தாள் செய்து வெவ்வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது வழக்கம். சேகரித்தவர் பெயர், அவர் இட்ட சேகரிப்பு எண், தேதி மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே பதிவுதான். இதில் ஒரு சிக்கல்: ஓரிடத்தில் நிபுணர் பெயரைத் திருத்திச் சீட்டு ஒட்டியிருப்பார், இன்னோரிடத்துத் தாளில் பழைய தப்பு அப்படியே இருக்கும்.

பதிவே இல்லாத மலையில் செடியும் இல்லை என்பது அவசர முடிவு. யூஃபோர்பியா செடிலோபா, மைக்ரோமெரா போன்ற வகைகள் கோடை மழைக்குப் பின் நன்றாக முளைப்பவை; சேகரிப்பவர்களோ பூக்கள் நிறைந்த வசந்தத்தில்தான் அதிகம் போகிறார்கள். அந்த மலையிலிருந்து வந்த மற்றச் செடிகளின் தேதிகளைப் பாருங்கள். எல்லாமே மார்ச் முதல் மே வரை என்றால், செப்டம்பரில் அங்கே யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.