சி.பி.ஐ. விசாரணை கேட்கப் போகிறீர்களா?

மதுரையில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். என்னைத் தேடி வருகிறவர்களில் பலர், வழக்குக் காகிதக் கட்டைப் பிரிக்கும் முன்பே "இதை சி.பி.ஐ.க்கு மாற்றிக் கொடுங்கள் ஐயா" என்கிறார்கள். மகனைக் காவல் நிலையத்தில் பறிகொடுத்த தாயும் அப்படிக் கேட்கிறார். பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறவரும் அப்படிக் கேட்கிறார். தாயின் கோரிக்கைக்கு முகாந்திரம் உண்டு. இன்னொருவர் போக வேண்டியது சிவில் நீதிமன்றத்துக்கு. சி.பி.ஐ.க்கு மனு மேல் மனு அனுப்பி, அந்த வழக்குக்கான காலக்கெடுவை அவர் கோட்டைவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சி.பி.ஐ. எதை எடுக்கும், எதை எடுக்காது என்பது அது பிறந்த விதத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத் தளவாடக் கொள்முதலில் லஞ்சம் பெருகியதால், 1941இல் சிறப்புப் போலீஸ் அமைப்பு ஒன்றை அன்றைய அரசு தொடங்கியது. அதற்காக 1946இல் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் வந்தது. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறையின் தீர்மானம் ஒன்றின் வழியாக மத்தியப் புலனாய்வுத் துறை என்ற பெயர் வந்தது. ஆனால் புலன்விசாரணை அதிகாரத்தை இன்றும் தருவது அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டமே. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலத்துக்குள் வந்து விசாரிக்க அந்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. பொதுவாகக் கொடுத்துவைத்திருந்த ஒப்புதலைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டது.

ஆகவே ஒரு சாமானியர் சி.பி.ஐ.யை அணுகப் பொதுவாக இரண்டு வழிகள்தான். ஒன்று, மத்திய அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவன அல்லது பொதுத்துறை வங்கி அலுவலர் லஞ்சம் கேட்பது. மற்றொன்று, உயர் நீதிமன்ற உத்தரவு. தாசில்தாரோ சார்பதிவாளரோ லஞ்சம் கேட்டால் மாநில லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும். பயங்கரவாத வழக்குகளுக்கு, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் உருவான தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) இருக்கிறது.

முதல் வழியில் செய்ய வேண்டியது: பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே, சி.பி.ஐ.யின் சென்னை ஊழல் தடுப்புப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மாநில ஒப்புதல் தேவையா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அலுவலர் எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொல்லிக் கேட்டார் என்பதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். பணம் கைப்பற்றப்பட்டால் மட்டும் தண்டனை கிடைக்காது. லஞ்சம் கேட்டதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்திருக்கிறது. வேறு வழியின்றி ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ஏழு நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். தவறினால், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கொடுத்தவரும் குற்றவாளி ஆகலாம்.

புகார் உண்மை என்று தெரிந்தால் பொறி வைப்பார்கள். ரூபாய்த் தாள்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலீன் பொடியைத் தடவி, சுயேச்சையான சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (நடந்ததைப் பதிவுசெய்யும் ஆவணம்) எழுதி உங்களிடம் கொடுப்பார்கள். அலுவலர் வாங்கியதும் அவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் பாட்டிலில் ஊற்றி முத்திரையிடுவார்கள். உங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: அவர் கேட்காமல் நீங்களாகப் பணத்தை நீட்டக் கூடாது. அவர் வாயால் கேட்கட்டும். உடன் வரும் சாட்சியின் காதில் அது விழட்டும்.

இரண்டாம் வழி கடினமானது. மாநில ஒப்புதல் இல்லாமலேயே சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2010இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அந்த அதிகாரத்தை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. மாஜிஸ்திரேட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. அங்கே போய் சி.பி.ஐ. கேட்காதீர்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு வரும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்? காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் அல்லது முதல் தகவல் அறிக்கையும் வேண்டும். காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபாலின் ஒப்புகையும் வேண்டும். பிறகு, ஒரு தாளில் தேதிவாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த வழக்கறிஞருக்கும் அந்த ஒரு தாள் பெரிய உதவி.

"உள்ளூர் போலீஸ் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்ற வரியை ஏறக்குறைய எல்லாப் பிரமாணப் பத்திரங்களிலும் பார்க்கிறேன். அந்த ஒரு வரிக்காக எந்த நீதிபதியும் வழக்கை மாற்ற மாட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த நிலையத்தில் வேலை செய்கிறார், விசாரணை அதிகாரி அவருக்குக் கீழ் இருக்கிறாரா, எந்தச் சாட்சியை இன்றுவரை விசாரிக்கவில்லை, எந்தப் பொருளைக் கைப்பற்றாமல் விட்டார்கள் என்று எழுதுங்கள். 2018 மே 22 அன்று நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டு வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு ஆகஸ்டில் சி.பி.ஐ.க்கு மாற்றியது. சுட்டது போலீஸ், அதை விசாரிப்பதும் போலீஸ் என்ற நிலை அங்கே இருந்தது. உங்கள் வழக்கிலும் அத்தகைய முரண் இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள்.

காவல் நிலையச் சித்திரவதை என்றால் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் உயிர். 2020இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்க உத்தரவிட்டது. என்றாலும் அந்த உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று அன்றே கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். துக்க வீட்டில் இதைச் செய்வது கொடுமைதான். உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மனுவில் சி.பி.ஐ. மட்டும் கேட்காமல், மாற்றாக மாநிலக் காவல்துறையின் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி. அல்லது சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரணையும் கேளுங்கள். நீதிமன்றம் முதல் கோரிக்கையை ஏற்காவிட்டாலும் வழக்கு அந்த நிலையத்தை விட்டு வெளியேற வாய்ப்பு இருக்கும்; பல குடும்பங்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

இதற்கிடையில், சி.பி.ஐ. அதிகாரி என்று சொல்லி யாராவது வீடியோ அழைப்பில் வந்து, உங்களை "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாக மிரட்டினால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

வழக்கு மாறியதும் சி.பி.ஐ. அதைத் தன் எண்ணில் மறுபடியும் பதிவுசெய்யும். அந்த எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். குற்றம் நடந்ததற்கு ஆதாரமில்லை என்று சொல்லி அவர்களே வழக்கை முடிக்கவும் கோரலாம். அப்படியானால், முதல் தகவல் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைக் கேட்ட பிறகே நீதிமன்றம் அதை ஏற்க முடியும். அறிவிப்பு வந்தவுடன், வழக்கை முடிக்கக் கோரும் அந்த இறுதி அறிக்கையின் நகலையும் சாட்சிகளின் வாக்குமூல நகல்களையும் கேட்டு மனுப் போடுங்கள். வழக்கை முடிப்பதை ஆட்சேபிக்கும் எதிர்ப்பு மனுவை அவற்றைப் படித்த பிறகு எழுதலாம்.