வியாழனின் ஹிமாலியா நிலாவைப் படம் பிடிக்கலாம், வாங்க

தொலைநோக்கி வாங்கிய எல்லாரும் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களைப் பார்த்துவிடுவார்கள். அடுத்து எது என்று கேட்டால் நான் ஹிமாலியாவைத்தான் சொல்வேன். வியாழனின் இன்னொரு நிலாவான அமல்தியா இதைவிடக் கொஞ்சம் பிரகாசம், ஆனால் வியாழனை ஒட்டியே சுற்றுவதால் அந்த ஒளியில் மூழ்கிவிடும். ஹிமாலியாவோ வியாழனிலிருந்து சராசரியாக 1.14 கோடி கி.மீ. தள்ளி, சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சுற்றுகிற நிலா (இப்படிப்பட்டவற்றை ஒழுங்கற்ற நிலாக்கள் என்பார்கள்). வானத்தில் வியாழனைவிட்டு ஏறத்தாழ ஒரு பாகை வரை, அதாவது இரண்டு முழுநிலா அகலம், விலகி நிற்கும்.

தேவையானவை: 8 அங்குலத் தொலைநோக்கி, நட்சத்திரங்களைப் பின்தொடரும் மோட்டார் மவுன்ட், கேமரா. ஹிமாலியாவின் ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) 14.8 அளவில்தான் இருக்கும் என்பதால் கண்ணால் பார்க்க முயல வேண்டாம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலம், அதாவது எதிரமைவு, நல்லது. சுமார் 13 மாதத்துக்கு ஒருமுறை அது வரும். நிலவில்லாத இரவாகப் பாருங்கள்.

படி 2: இடத்தைக் கணக்கிடுங்கள்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஹிமாலியா ஒரு சுற்று முடிக்க 250 நாள் ஆகிறது. சூரியனின் ஈர்ப்பு அதன் பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதால், சாதாரண வான்வரைபடச் செயலி காட்டும் இடம் தவறாக இருக்கலாம். கோள்கள், நிலாக்களின் இடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் (JPL Horizons) இணையதளத்துக்குப் போங்கள். இலக்குப் பொருளாக 506 என்று கொடுங்கள், அதுதான் ஹிமாலியாவின் எண். உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களான வல ஏற்றமும் (RA) நடுவரை விலக்கமும் (Dec) பட்டியலாக வரும். அங்கே நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்தியா, இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: படம் எடுங்கள்

அந்த இடத்தை நடுவில் வையுங்கள், வியாழன் படச் சட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். 30 நொடிப் படங்களாக இருபது எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தை அதேபோல் இன்னொரு முறை எடுங்கள்.

படி 4: மாற்றி மாற்றிப் பாருங்கள்

நட்சத்திரங்கள் பொருந்தும்படி இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மாறி மாறிக் காட்டுங்கள். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு மங்கலான புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 1904-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் வானியலாளர் சார்ல்ஸ் பெரைன், 36 அங்குல கிராஸ்லி தொலைநோக்கியில் எடுத்த புகைப்படத் தட்டுகளில் ஹிமாலியாவைக் கண்டுபிடித்ததும் வியாழனோடு சேர்ந்து நகர்ந்த ஒரு புள்ளியை வைத்துத்தான்.

சரி, நகர்கிற புள்ளி சிறுகோளாக இருந்தால்? வேகத்தை அளந்து பாருங்கள். எதிரமைவுக் காலத்தில் ஹிமாலியா வியாழனோடு சேர்ந்து மணிக்கு 20 வில்விநாடி (ஒரு பாகையில் 3600 வில்விநாடி) அளவில் நகரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டை நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதால், அங்குள்ளவை பெரும்பாலும் இதைவிட வேகமாக ஓடும். அப்புறம் ஹொரைசன்ஸ் தந்த இரண்டு நேரத்து இடங்களோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

இது கைவந்துவிட்டால் வியாழனின் இன்னொரு நிலாவான எலாராவைத் தேடுங்கள். எண் 507. ஹிமாலியாவும் இதுவும் முன்பு உடைந்த ஒரே பொருளின் துண்டுகள் என்று கருதப்படுகிறது. ஹிமாலியாவைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மங்கல் என்பதால் இருபது படங்கள் போதாது, நூறுக்கு மேல் அடுக்க வேண்டிவரும். அவ்வளவு நேரத்தில் எலாராவே நகர்ந்து கோடாகிவிடும் என்பதால், நட்சத்திரங்களுக்குப் பதிலாக எலாராவின் நகர்வுக்கு ஏற்ப அடுக்குங்கள்.