ஆட்டோமேட்டிக் காரில் 'எம்' எதற்கு? டெல்டா சாலைகளில் கார் பழகுவோருக்கு ஒரு செய்முறை

ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிற பலர் லீவரை 'டி'யில் (டிரைவ், கியர் தானாக மாறும் நிலை) போடுவதோடு சரி. பக்கத்திலேயே 'எம்' (மேனுவல், கியரை நாமே மாற்றும் நிலை) என்ற எழுத்தும் பிளஸ், மைனஸ் குறிகளும் இருக்கும். வண்டி பழசாகும்வரை அந்தப் பக்கம் கையே போகாது. பெரும்பாலான நேரம் 'டி' போதும் என்பது உண்மைதான். போதாத நேரம் எது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று (நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது), நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற அளவு, இப்படிச் சிலதான். முன்னால் கரும்பு டிராக்டர் போவதும், எதிரே பஸ் வருவதும், வளைவு தாண்டி ரோட்டில் நெல் காய்வதும் அதற்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதைக் கியர்பாக்ஸுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கத்தான் 'எம்'.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

நம் ஊர்ச் சிறிய கார்களில் அதிகம் இருப்பது ஏஎம்டி. 2014இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் இது இங்கே பரவியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. அதனால்தான் கியர் மாறும்போது வண்டி லேசாகத் தலையாட்டுகிறது. மேனுவல் காரின் கிளட்ச் எப்படித் தேயுமோ, இதுவும் அப்படியே தேயும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

டார்க் கன்வெர்டர் வகையில் எண்ணெய் வழியாகச் சக்தி போகிறது. மாற்றம் மென்மையாக இருக்கும், மேட்டில் நிற்பதும் சுலபம். சிவிடியில் உண்மையான கியர்கள் கிடையாது. 'எம்' போட்டால் பெல்ட்டைச் சில நிலைகளில் நிறுத்தி, கியர் இருப்பதுபோலக் காட்டும். டிசிடியில் இரண்டு கிளட்ச் உண்டு. மாற்றம் மிக வேகம், ஆனால் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும்.

லீவரில் 'பி' (பார்க்கிங்) இல்லாமல் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி, எம் மட்டும் இருந்தால் அது அநேகமாக ஏஎம்டி. லீவருக்குப் பதில் திருகு மட்டும் உள்ள சில வண்டிகளில் 'எம்' இருக்காது.

படி 1: உட்காருவது

இடது கால், ஓரத்தில் கால் வைக்க உள்ள அசையாத மேடையில் ஓய்வாக இருக்கட்டும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு மட்டுமே. மேனுவல் ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை அழுத்திவிடுவார்கள். வண்டி மொத்தமாக நின்று, பின்னால் வருபவர் வந்து மோத வாய்ப்புண்டு. முதல் வாரம் அந்தக் காலைச் சற்றுப் பின்னுக்கு மடித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: 'டி'யில் ஊர்வது

பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏஎம்டி என்றால் லீவர் 'என்'னில் இருக்க வேண்டும், மற்றவற்றில் 'பி'யில். பிறகு 'டி'. ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், பிரேக்கை மெல்ல எடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே பெரும்பாலான வண்டிகள் நடைவேகத்தில் ஊரும். காலியான மைதானத்தில் இந்த ஊர்தலை வைத்தே கால் மணி நேரம் நேராகவும் வளைத்தும் ஓட்டி, நினைத்த கோட்டில் நிறுத்திப் பழகுங்கள். எல் போர்டு வண்டி என்றால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 3: 'எம்'முக்கு மாறுவது

'டி'யில் 20 கிமீ வேகத்தில் போகும்போது லீவரைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். வண்டி ஓடும்போதே தள்ளலாம். மீட்டரில் இப்போது ஓடும் கியரின் எண் தெரியும். பிளஸ் பக்கம் ஒரு தட்டு தட்டினால் ஒரு கியர் கூடும், மைனஸ் பக்கம் தட்டினால் ஒன்று குறையும். தட்டியதும் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். பிளஸ் முன்பக்கமா பின்பக்கமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லீவர் அருகே அச்சிட்டிருப்பதைப் பார்த்து மனதில் ஏற்றுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் 'பேடில்' எனும் கியர் மாற்றும் சிறு தகடுகள் இருந்தால் வலது கை கூட்டும், இடது கை குறைக்கும்.

படி 4: எந்த வேகத்தில் எந்தக் கியர்

1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் உள்ள சிறிய காருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரிவரும்: 15 கிமீயில் இரண்டு, 30இல் மூன்று, 45இல் நான்கு, 60 தாண்டினால் ஐந்து. இந்த இடங்களில் மாற்றினால் சுற்று ஒவ்வொரு முறையும் 2,200ஐ ஒட்டியே இருக்கும். வேகமாகக் கிளம்ப வேண்டுமானால் 3,500 வரை விட்டு மாற்றலாம்.

ஏஎம்டியில் தலையாட்டலைக் குறைக்க ஒரு வழி உண்டு. பிளஸ் தட்டும் அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் பாதி எடுங்கள், எண் மாறியதும் மறுபடி மெல்ல மிதியுங்கள். நான்கைந்து நாளில் கை வந்துவிடும். டார்க் கன்வெர்டருக்கு இது தேவையில்லை.

'எம்'மில் போட்டுவிட்டதால் கம்ப்யூட்டர் ஒதுங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 70 கிமீ வேகத்தில் முதல் கியர் கேட்டால் கொடுக்காது. பீப் ஒலிக்கும், அல்லது எண் மாறாமல் நிற்கும். வண்டியை நிறுத்தினால் தானாக ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆனால் சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டை எட்டும்போது சில வண்டிகள் தாமாகக் கியர் ஏற்றும், சில ஏற்றாமல் முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் இதைப் பார்த்துவிடுங்கள்.

கரும்பு டிராக்டரை முந்துவது

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாபநாசம் வழியாகத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பழைய ரோடு மாதிரியான இருவழிச் சாலையில், முன்னால் டிராக்டர் 25 கிமீயில் போகிறது. டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. 'டி'யில் இருக்கும் உங்கள் வண்டி எரிபொருளை மிச்சம் பிடிக்க மூன்றாம் கியரில் இருக்கலாம். அப்போது சுற்று 1,300தான், இழுவை கிடையாது. எதிர்ப்பாதைக்குள் வந்தபின் முழுதாக மிதித்தால், ஏஎம்டி அப்போதுதான் கிளட்சை விட்டு, கியரைக் குறைத்து, மறுபடி பிடிக்கும். அந்த இடைவெளியில் வண்டிக்குச் சக்தியே இல்லை. எதிரே வரும் பஸ்ஸோ அதற்குள் நெருங்கிவிடும்.

ஆகவே கியரை முதலில் குறைத்துக்கொண்டு, அப்புறம் வெளியே வாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் மூன்று கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். ஒட்டிப் போனால் கரும்பைத் தவிர எதுவும் தெரியாது. 'எம்' போடுங்கள், மைனஸ் தட்டுங்கள். எண் 2 ஆகிவிட்டதா என்று மீட்டரில் ஒரு பார்வை. சுற்று 1,900க்கு ஏறியிருக்கும். எதிரே காலி என்றால் இண்டிகேட்டர், ஹாரன், வெளியே வந்து தாராளமாக மிதியுங்கள். இரண்டாம் கியரிலேயே 60 கிமீ வரை தாங்கும், நடுவில் கியர் மாற்றாதீர்கள். டிராக்டர் முழுதும் உட்கண்ணாடியில் தெரிந்த பிறகு உள்ளே வந்து, லீவரை 'டி'க்குத் தள்ளிவிடுங்கள். எதிரே காலி இல்லையென்றால் இரண்டிலேயே பின்னால் காத்திருங்கள். கியர் தயாராக இருப்பதால் அடுத்த வாய்ப்பு கைநழுவாது.

ரோட்டில் நெல் காயும்போது

அறுப்புக் காலத்தில், முக்கியமாகச் சம்பா அறுக்கும் தை, மாசியில், கிராமத்து ரோட்டின் ஒரு பாதி நெல்லாக இருக்கும். களம் பற்றாத ஊரில் ஈரம் குறைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக விவசாயிக்கு வேறு இடம் இல்லை. அது ஒரு குடும்பத்தின் அரை வருட உழைப்பு. முடிந்தவரை விலகியே போங்கள்.

விலக முடியாத இடத்தில், நெல்மணி டயருக்கடியில் உருளும், பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். நெல் தொடங்குவதற்கு முன்பே 20 கிமீக்குக் குறைத்து, 'எம்'மில் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'டி'யில் விட்டால் இந்த வேகத்தில் இரண்டுக்கும் மூன்றுக்குமாக மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் சக்கரம் ஒரு இழுப்பு இழுக்கும். இரண்டில் நிலையாகப் போனால் ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் குறையும், பிரேக்குக்கு வேலை இருக்காது.

வைக்கோல் பரப்பியிருந்தால் அதன்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அடியில் சைலன்சர் பகுதி கொதிக்கும் சூட்டில் இருக்கும். காய்ந்த வைக்கோல் அங்கே சிக்கினால் தீப்பற்றும். தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்து, சிக்கியதை ஒரு குச்சியால் இழுத்துவிடுங்கள்.

மழைக்காலக் களிமண்

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை ரோட்டில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம் களியில் இறங்கிவிடும். முதல் கியரின் விசைக்குச் சக்கரம் சுற்றுமே தவிர ஏறாது. 'எம்'மில் நின்ற இடத்திலேயே பிளஸ் தட்டிப் பாருங்கள். சில வண்டிகள் இரண்டாம் கியரில் கிளம்ப அனுமதிக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, கொஞ்சமாக மிதியுங்கள். இரண்டு முயற்சியில் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஆரும் டியுமாக மாற்றி மாற்றி ஆட்டினால் ஏஎம்டி கிளட்ச் கருகும், வாடையே காட்டிக்கொடுக்கும். சக்கரத்துக்கு முன் வைக்கோலோ சாக்கோ பலகையோ போட்டு, இரண்டு பேரைத் தள்ளச் சொல்வதுதான் மலிவான வழி.

பாலமும் ரயில்வே கேட்டும்

சமதரையான நம் பக்கத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப்பாலத்து ஏற்றமும்தான். அங்கே நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டி பின்னால் போகாமல் பிடித்து வைப்பவர்கள் உண்டு. ஏஎம்டியை இதைவிட வேகமாகக் கெடுக்கும் பழக்கம் கிடையாது. கிளட்ச் முழுதும் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது மிதித்து, வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கேட் மூடியிருந்தால் 'என்', ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப். அவ்வளவுதான்.

கொல்லிமலைக்குப் போகும் முன்

டெல்டாவில் மட்டுமே ஓட்டியவருக்கு இறக்கத்தில் இன்ஜினை வைத்து வேகத்தைப் பிடிக்கும் பழக்கமே வந்திருக்காது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. 'டி'யில் இறங்கினால் கியர் மேலே ஏறும், வண்டி ஓடும், நீங்கள் பிரேக்கிலேயே கால் வைத்திருப்பீர்கள். பிரேக் பேட் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி மெத்தென்று இறங்கிவிடும், வண்டி நிற்காது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர்: 'எம்'மில் இரண்டு, கூரான வளைவில் ஒன்று. சுற்று 3,000, 3,500 என்று ஏறி இன்ஜின் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், வண்டியைப் பிடித்து வைக்கும் சத்தம் அது. பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு மிதியுங்கள், தொடர்ந்து தேய்க்காதீர்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று 'என்'னில் விடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

நிறுத்துவது

பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். 'பி' உள்ள வண்டியில் அதன் பிறகு 'பி'. முதலில் 'பி' போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். ஏஎம்டியில் 'பி' இல்லாததால் கியரில் வைத்தே இன்ஜினை அணைக்க வேண்டும்: மேடு பார்த்து நின்றால் 'டி', பள்ளம் பார்த்து நின்றால் 'ஆர்'. மீட்டரில் 1 அல்லது ஆர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். படித்துறைச் சரிவிலோ வாய்க்கால் கரையிலோ விடுகிறீர்கள் என்றால் முன்சக்கரத்தைத் தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் ஒடித்து, பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் கொடுங்கள்.