வாசல் வரை போன பார்சல் ஏன் திரும்பி வருகிறது? ஆன்லைனில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலை, டி-ஷர்ட், ஊறுகாய், பால்கோவா என்று வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்பவர்களுக்குத் திரும்பி வரும் பார்சல் பெரிய அடி. போன கட்டணமும் வந்த கட்டணமும் விற்பவர் தலையில்தான் விழும். பழி டெலிவரி ஊழியர் மேல் போனாலும், தவறு பல நேரம் பார்சல் கட்டும் மேஜையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த முகவரியைச் சரிபார்க்காமல் அப்படியே லேபிளில் ஏற்றுவதுதான் முதல் தவறு. பார்சல் எந்த ஊர் ஹப்புக்கு, அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையத்துக்கு, போகிறது என்பதை முடிவு செய்வது பின்கோடு. ஊர்ப்பெயர் சரியாக இருந்தாலும் பின்கோடு பிசகினால் பார்சல் வேறு ஊரில் போய் நிற்கும். முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே பாதித் தவறு பிடிபடும்: சென்னை 600, திருச்சி 620, மதுரை 625, சேலம் 636, கோவை 641. அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த 10 எழுத்து டிஜிபின், சுமார் 4 மீட்டர் சதுரம் வரை இடத்தைக் காட்டும். அதை எழுதினாலும் பின்கோடை விட்டுவிடாதீர்கள்.

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும். இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். 'பஸ் ஸ்டாப் அருகில்' என்பது அடையாளமே அல்ல. 'மாரியம்மன் கோயில் எதிரில், மாவு மில் மாடி' என்றால் புதிதாக வந்தவரும் கண்டுபிடிப்பார்.

தொலைபேசி எண்ணில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் ஊரிலுள்ள அம்மாவுக்கு ஆர்டர் போடுவார். லேபிளில் அவருடைய வெளிநாட்டு எண் ஏறிவிடும். டெலிவரி ஊழியரால் பெரும்பாலும் அந்த எண்ணை அழைக்க முடியாது. பார்சலைக் கையில் வாங்கப் போகிறவரின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். ஓடிபி சொல்லி வாங்கும் பார்சல் என்றால் இது கட்டாயம்.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை உறுதிப்படுத்தாமல் அனுப்பாதீர்கள். கூரியர் கட்டணத்தை மட்டும் முன்பணமாக யுபிஐயில் வாங்கினாலே விளையாட்டு ஆர்டர்கள் வடிந்துவிடும்.

பெட்டியின் அளவில்தான் பணம் சத்தமில்லாமல் கரைகிறது. கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, வரும் கிலோவையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 1.2 கிலோ டி-ஷர்ட்டுகளை 40×30×20 பெட்டியில் வைத்தால் கணக்கு 4.8 கிலோ. அதையே அழுத்தி மடித்து 30×25×8 அளவில் கூரியர் கவரில் போட்டால் 1.2 கிலோதான். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அரை கிலோ அடுக்காகக் கட்டணம் போடும் இடத்தில் 480 கிராம் பொருளை 90 கிராம் பெட்டியில் வைத்தால் ஒரு கிலோவுக்குப் பணம் போகும். தராசில் வைத்து, பக்கத்தில் அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். எடை அதிகம் என்று பில் வந்தால் அதுதான் சாட்சி.

லேபிள் பார்கோடின் மேல் செல்லோடேப் ஒட்டினால் பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும். பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்தும்போது முந்தைய பார்கோடைக் கிழித்துவிடுங்கள். அப்படியே விட்டுவைத்தால் பார்சல் பழைய வழியில் திரும்பும் ஆபத்து உண்டு. ஊறுகாய்க்கு மூடி மட்டும் போதாது: வாயில் சீல், அதற்கு மேல் டேப், தனி பிளாஸ்டிக் கவர், சுற்றி பபிள் ராப், வெளியே ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. ஒரு பாட்டில் எண்ணெய் கசிந்தால் அதே மூட்டையில் வரும் மற்றவர்களின் பார்சலும் பாழாகும்.

'வாடிக்கையாளர் இல்லை' என்று தகவல் வந்தால் அன்று மாலையே வாடிக்கையாளரை அழைத்து, வசதியான நேரத்தைக் கேட்டு, மறுமுயற்சியைப் பதிவு செய்யுங்கள். வழக்கமாக மூன்று முயற்சிகள்தான். அதன் பிறகு திரும்பிவிடும். திரும்பிய பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய டேப்பைக் கிழிப்பதிலிருந்தே வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். உள்ளே பொருள் மாறியிருந்தாலோ குறைந்திருந்தாலோ, கூரியர் தரும் கால அவகாசத்துக்குள் அந்த வீடியோவோடு புகார் பதிய வேண்டும்.